மூன்றாவது ஆட்டின்

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு, அப்பாவின் கண்ணில் படக்கூடாத பொருள். தபால் துறையில் இருந்த அவர், கூட வேலை பார்த்த ஒருவர் மனமகிழ் மன்றத்தில் மாதச் சம்பளத்தைத் தொலைத்து, கடைசியில் மனைவியின் நகைகளையும் அடகு வைத்ததைப் பார்த்தவர். கோடை விடுமுறைக்கு மதுரைக்குப் பக்கத்தில் தாத்தா வீட்டுக்குப் போனால்தான் எங்களுக்குச் சுதந்திரம். திண்ணையில் பெரியவர்கள் ரம்மி ஆடுவார்கள். ஓரத்தில் நாங்கள் கழுதை ஆடுவோம். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேடு என்ற நான்கு சொற்களையும் அங்கேதான் கற்றேன். இருபது வருடமாக அமெரிக்காவில் சீட்டு ஆடுகிறேன். மனதுக்குள் இன்றும் ‘ஹார்ட்’ என்று வருவதில்லை, ஆட்டின்தான்.

2004இல் முதுகலை படிக்க இங்கே வந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசி மாநிலத்துக் கணக்காளர், இணையத்தில் ஒரு சிறு போட்டியில் வென்ற இடத்தைக் கொண்டு லாஸ் வேகாஸ் போக்கர் உலகப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றிருந்தார். பெயரே மணிமேக்கர். கடன் வாங்கிப் படிக்க வந்த மாணவர்களுக்கு அதைவிட ஆபத்தான செய்தி வேறு இருக்க முடியாது. எங்கள் அடுக்ககத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கால் டாலர் நாணயங்களை வைத்து ஆட ஆரம்பித்தோம்.

டெக்சஸ் ஹோல்டெம் என்ற அந்த ஆட்டத்தின் விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டாமல். பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு, அது ஃப்ளாப். அடுத்து ஒன்று, அது டர்ன். கடைசியில் ஒன்று, அது ரிவர். ஏழு சீட்டில் சிறந்த ஐந்து யாரிடமோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், அல்லது ‘செக்’ என்று மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம். ஒரே வகைச் சீட்டு ஐந்து சேர்ந்தால் ஃப்ளஷ். ஒரே எண்ணில் மூன்று வைத்திருப்பவனை அது வென்றுவிடும்.

என் முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது. கையில் இரண்டு ராஜா. ஃப்ளாப்பில் மூன்றாவது ராஜா வந்தார். கூடவே மேசையில் இரண்டு டைமன். எனக்குப் பேராசை. பணம் கட்டினால் எல்லோரும் ஓடிவிடுவார்களே என்று பதுங்கி, செக் என்று தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள். டர்னில் இன்னொரு டைமன் விழுந்தது. கையில் இரண்டு சில்லறை டைமன் வைத்திருந்த சீன வகுப்புத் தோழன் அதன்பிறகு கட்டிய ஒவ்வொரு நாணயத்துக்கும் நான் ஈடு கொடுத்தேன். மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு தோற்கலாம் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பதினோரு டாலர் போயிற்று. அன்றைய கணக்கில் அது இரண்டு நாள் சாப்பாடு.

“நீ எனக்கு இலவசமாக ஒரு சீட்டைக் கொடுத்தாய். நான் வாங்கிக்கொண்டேன்” என்றான் அவன். கேலியாகச் சொல்லவில்லை.

பிறகு கணக்குப் படித்தேன். ஃப்ளாப் முடிந்ததும் ஒருவனிடம் கைச்சீட்டையும் மேசையையும் சேர்த்து நான்கு ஆட்டின் இருக்கிறது என்று வையுங்கள். அவன் பார்க்காத சீட்டுகள் 47. அவற்றில் ஆட்டின் 9. அடுத்த சீட்டிலேயே அது விழ 19 விழுக்காடு வாய்ப்பு. மீதி இரண்டு சீட்டையும் பார்க்க முடிந்தால் 35 விழுக்காடு. ஐந்தில் ஒன்று, அல்லது மூன்றில் ஒன்று. துரத்துகிறவன் எப்போதும் மூன்றில் ஒன்றைத்தான் நினைப்பான். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக விலை கேட்க வலுவான கைக்காரனால் முடியும்.

அந்த விலைதான் ஆட்டத்தின் உயிர். நடுவில் 100 டாலர் இருக்கிறது. நான் 33 கட்டுகிறேன். எதிராளி 33 போட்டால் 133 கிடைக்கலாம். ஐந்தில் ஒரு தடவை வென்றாலே அவனுக்குக் கட்டுப்படியாகும். ஃப்ளஷைத் துரத்துகிறவனுக்கு இது நியாய விலை. நான் 50 கட்டினால் அவன் நான்கில் ஒரு தடவை வென்றாக வேண்டும். 100 கட்டினால் மூன்றில் ஒரு தடவை. அவனிடம் இருப்பதோ ஐந்தில் ஒன்று. அதற்குமேல் அவன் போடும் பணம், அந்தத் தடவை அவன் வென்றாலும் தோற்றாலும், நீண்ட கணக்கில் என் பணம். டேவிட் ஸ்க்லான்ஸ்கி 1987இல் வெளிவந்த ‘தி தியரி ஆஃப் போக்கர்’ நூலில் சொல்லும் அடிப்படை விதியின் சாரம் இதுதான்: உன் சீட்டைப் பார்க்க முடிந்திருந்தால் எதிராளி என்ன செய்திருப்பானோ, அதற்கு மாறாக அவன் செய்யும் ஒவ்வொரு முறையும் லாபம் உனக்கு.

ஆகவே வலுவான கையும், மேசையில் ஒரே வகையில் இரண்டு சீட்டும் இருக்கும்போது மூன்று தவறுகள் காத்திருக்கின்றன. முதலாவது பேராசை; பதுங்கி, இலவசச் சீட்டு கொடுப்பது. இரண்டாவது பயம், ஃப்ளஷ் விழுந்துவிடுமோ என்று அளவுக்கு மீறிக் கட்டி, தப்பான விலையைத் தரத் தயாராக இருந்தவனையும் விரட்டிவிடுவது. மூன்றாவது பாசம், மூன்றாவது சீட்டு விழுந்த பிறகும், எதிராளி எழுந்து உட்கார்ந்து பணத்தைத் தள்ளிய பிறகும், நம் அழகான கையைக் கீழே போட மனம் வராமல் ஈடு கொடுப்பது. இந்த மூன்றையும் விட எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. நான்காவதாக ஒரு தவறு இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

நியூ ஜெர்சியில், எடிசனுக்குப் பக்கத்தில், மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை நாங்கள் ஏழு பேர் ஒரு நண்பரின் பேஸ்மென்ட்டில் கூடுவோம். ஆளுக்கு 100 டாலர். அதற்குமேல் தோற்றால் சமோசா சாப்பிட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். எங்களில் இளையவன் தஞ்சாவூர்க்காரன். 2014இல் எச்-1பி விசாவில் வந்தவன். என்னை ‘அண்ணே’ என்பான். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான பச்சை அட்டை வரிசையில் அவன் எங்கேயோ பின்னால் நின்றுகொண்டிருந்தான். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இங்கே பிறந்தவள். 2023 ஜனவரியில், தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்த அந்தக் குளிரில், அவன் வேலை போயிற்று. எச்-1பிகாரனுக்கு வேலையின் கடைசி நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். அதற்குள் புதிய வேலை, அல்லது வேறு விசா, அல்லது விமானம்.

அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு 41ஆவது நாள். அவன் வரமாட்டான் என்று நினைத்தோம். வந்தான். வழக்கம்போல 100 டாலரை எடுத்து வைத்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனிடம் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகப் பேசினோம்.

பதினொரு மணி இருக்கும். அவன் 6 டாலர் கட்டினான். அடுத்திருந்த ஹைதராபாத்காரர் ஈடு கொடுத்தார். என் கையில் இரண்டு எட்டு, நானும் கொடுத்தேன். மற்றவர்கள் விலகினார்கள். நடுவில் ஏறக்குறைய 20 டாலர். ஃப்ளாப்: ஆட்டின் எட்டு, ஆட்டின் ஜாக்கி, இஸ்பேடு மூன்று. எனக்கு மூன்று எட்டு. தஞ்சாவூர்க்காரன் தன் இரண்டு சீட்டையும் ஓரத்தைத் தூக்கி மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டான். இது பழைய அறிகுறி. எண்ணை யாரும் மறப்பதில்லை. வகையைத்தான் மறுபடி பார்ப்பார்கள். அவர்கள் இருவரும் தட்டினார்கள். நான் 10 கட்டினேன். இருவரும் ஈடு கொடுத்தார்கள். நடுவில் 50.

டர்ன்: டைமன் இரண்டு. யாருக்கும் உதவாத சீட்டு. இருவரும் மறுபடி தட்டினார்கள். இப்போது என் முறை. செய்ய வேண்டியது எனக்கு நன்றாகத் தெரியும்: 40 டாலர் கட்ட வேண்டும். 40 போட்டு 90ஐத் துரத்துகிறவன் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை வெல்ல வேண்டும். ஆட்டினைத் துரத்துகிறவனுக்கு அது கெட்ட விலை. ஆனால் அவன் முன்னால் இருந்த சில்லுகளை எண்ணிப் பார்த்தேன்: 60 டாலர். மனம் அந்த 60ஐ வேறு ஒரு 60ஆக எண்ணியது. 40 கட்டினால் அவன் போடுவான் என்று தெரியும். அந்த மாதம் அவன் எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டிருந்தான். தோற்று, எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் காருக்கு நடப்பான்.

மேசையைத் தட்டினேன். செக்.

ரிவர்: ஆட்டின் ஐந்து.

தஞ்சாவூர்க்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 60ஐயும் நடுவில் தள்ளினான். ஹைதராபாத்காரர் யோசித்தார். அவரிடம் ராஜாவும் ஜாக்கியும், இரண்டும் கிளாவர். டர்னில் நான் தட்டியதை அவரும் பார்த்திருந்தார். என்னிடம் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டார். தம்பி பொய்க்கட்டு கட்டுகிறான் என்று முடிவு செய்து 60 போட்டார். நானும் 60 போட்டேன். தோற்றுவிட்டேன் என்று தெரிந்தேதான் போட்டேன். அது கணக்கில்லை, கொடை மாதிரி ஏதோ ஒன்று.

அவன் ஆட்டின் ஏஸையும் ஆட்டின் ராணியையும் வைத்தான். நான் இரண்டு எட்டுகளையும் வைத்தேன். மேசையில் பேச்சு நின்றது.

பிறகு எண்ணிப் பார்த்தேன். மூவர் கையிலும் ஆறு, மேசையில் நான்கு. மீதி 42 சீட்டு. அவற்றில் ஆட்டின் 9. இரண்டும் மூன்றும் விழுந்தால் மேசையில் ஜோடி சேர்ந்து எனக்கு ஃபுல் ஹவுஸ் ஆகிவிடும். ஆக அவனைக் காப்பாற்றக்கூடியவை 7. ஆறில் ஒன்று, பகடையின் ஒரு முகம். அது விழுந்தது. 230 டாலரை அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

ஆட்டம் முடிந்து வாசலில் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

“மூணு எட்ட வச்சுக்கிட்டு ஏன் அண்ணே செக் பண்ணீங்க?”

“பதுங்கினேன்டா. தப்பாயிடுச்சு.”

“நீங்க ரெண்டு ஆட்டின் கெடக்கும்போது பதுங்க மாட்டீங்க. எனக்கு அதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.”

நான் சுரண்டுவதை நிறுத்தினேன்.

“ஆறு வாரமா எல்லாரும் எங்கிட்ட இப்படித்தான் பேசுறாங்க. மெதுவா. ஆஸ்பத்திரியில பாக்க வந்த மாதிரி. இந்த டேபிள்ல மட்டும் யாரும் என்னப் பாவம்னு பாக்க மாட்டாங்கன்னுதான் வந்தேன்.” சற்று நேரம் கழித்துச் சொன்னான்: “என் காச நான் திருப்பித் தர மாட்டேன். ஜெயிச்ச காசு. ஆனா ஹைதராபாத் சாருக்கு நீங்க அறுபது டாலர் கடன் அண்ணே.”

நான்காவது தவறு இதுதான். ஆங்கிலத்தில் ‘ஸாஃப்ட் ப்ளே’ என்பார்கள்; வேண்டியவனிடம் மென்மையாக ஆடுவது. முறையான போட்டிகளில் இதற்குத் தண்டனை உண்டு. ஏன் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. என் பணத்தை நான் விட்டுக்கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தேன். மேசையில் மூன்றாவது ஒருவர் இருந்தார். என் செக் அவருக்குப் பொய் சொன்னது. என் இரக்கத்துக்கான செலவில் பாதியை அவர் தலையில் கட்டியிருந்தேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி 60 டாலரை நீட்டினேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். காபி கொடுத்தார். எங்களுக்குள் கணக்கு தீர்ந்தது.

தம்பியோடு கணக்கு அத்தனை சீக்கிரம் தீரவில்லை. மேசைக்கு வெளியேயும் அவனிடம் நான் செக் செய்துகொண்டுதான் இருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் தன் ரெஸ்யூமை எனக்கு அனுப்பியிருந்தான். பார்த்தவுடனே தெரிந்தது: எட்டு வருடமாக ஒரே நிறுவனத்தின் ஒரே பழைய மென்பொருளைப் பராமரித்த அனுபவம், சந்தை கேட்கும் கிளவுட் வேலை எதுவும் இல்லை. என் வேலையில் மாதம் பத்து ரெஸ்யூம் பார்க்கிறேன். வேறு யாராவது அனுப்பியிருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன். அவனுக்கு, “நல்லா இருக்கு, ரெண்டு மூணு பேர்கிட்ட குடுத்திருக்கேன்” என்று எழுதினேன். நாள் ஒவ்வொன்றும் அவனுக்கு விலை உள்ளதாக இருந்தபோது இரண்டு வாரத்தை அப்படித் தின்றேன். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். மூன்று மணி நேரம், ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் நான் நடத்துவது போல, விடாமல் நேர்காணல் செய்தேன். இரண்டு இடத்தில் அவன் குரல் உடைந்தது. நான் நிறுத்தவில்லை. முடிந்ததும், “இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல அண்ணே” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இது எதையும் சொல்லவில்லை. சொன்னால் குறளுக்குப் போவார். வள்ளுவர் 94ஆவது அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கினார். வெற்றியே கிடைத்தாலும் சூதாடாதே, அந்த வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் என்று தொடங்கும் அதிகாரம். போக்கர் திறமையா, சூதா என்று நம் ஊரில் நீதிமன்றங்களும் விவாதித்து வருகின்றன. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் இயற்றிய சட்டத்தில் தமிழ்நாடு அரசு ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025இல் ஒன்றிய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்தது. எனக்கு அந்த வழக்கில் பெரிய அக்கறை இல்லை. குறளில்தான் ஒரு சந்தேகம். அதில் மீன் இருக்கிறது, தூண்டில் இருக்கிறது. தூண்டிலைப் பிடித்திருப்பவன் இல்லை. இருபது வருடமாக நான் அவன் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சரியான அளவில் பணம் கட்டுவது என்றால், எதிராளி விழுங்கக்கூடிய அளவில் இரை வைப்பதுதானே? அப்பா கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. சமமாக உட்கார்ந்தவர்களிடம், தொகைக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு ஆடுகிறேன். எல்லோருக்கும் ஒரே விலை. அந்தப் பதிலை அன்று இரவு நானே பொய்யாக்கியிருந்தேன்.

கதை நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். 52ஆவது நாள் ஒரு நிறுவனத்தில் கடைசிச் சுற்று நேர்காணல் வரை போனான்; கிடைக்கவில்லை. மார்ச் மாதம் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டான். இப்போது அங்கே நல்ல வேலையில் இருக்கிறான். மகளுக்குத் தமிழ் எழுத்து பிடிபட ஒரு வருடம் ஆயிற்றாம்.

போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை ஆட வந்தான். நடு இரவில் ஒரு கை. எனக்கு ஏஸில் ஒரு ஜோடி, ஒன்பதில் ஒரு ஜோடி. மேசையில் இரண்டு இஸ்பேடு. அவன் சீட்டின் ஓரத்தைத் தூக்கி மறுபடி பார்த்துக்கொண்டான். நடுவில் 40 டாலர். நான் 30 கட்டினேன். மேசை அமைதியாக இருந்தது. ஹைதராபாத்காரர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

தம்பி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“இப்பதான் அண்ணே ஆடுறீங்க” என்று சொல்லி, சீட்டைக் குப்புறப் போட்டான்.

அவனிடம் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. போக்கரில் எதிராளியின் சீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு விலை உண்டு.